ஜீப்பின் மங்கிய விளக்குகளும் கரண்ட் திரும்பி வரும் வழியும்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைக் கடந்து மலையேறினால், போடிமெட்டுக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைச் சொல்லும் பலகை நிற்கிறது. சென்ற கார்த்திகையில் ஒரு நாள் இருட்டிய பிறகு, பூப்பாறைப் பக்கமிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பலகைகளில் ஒன்றைக்கூட வண்டி அதனருகே போய்ச் சேரும்வரை என்னால் படிக்க முடியவில்லை. அன்று மூடுபனி இல்லை, மழையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, ஐந்தாறு வளைவுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "லைட்டப் போடுடா" என்றார். விளக்கு மெட்டிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் வண்டி 1992-ஆம் ஆண்டின் மகிந்திரா எம்எம் 540 ஜீப். பியூஜோ வகை டீசல் எஞ்சின், 2112 சிசி. முன்னால் ஏழு அங்குல வட்ட விளக்குகள் இரண்டு. பிரைட்டையும் டிம்மையும் மாற்ற, கிளட்ச்சுக்கு இடப்பக்கம் தரையில் காலால் மிதிக்கும் டிப்பர். அப்பா இதை இரண்டாம் கையாக வாங்கி, தோட்டத்துக்கு ஆட்களையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு 20 வருடங்களுக்கு மேல் இந்த மலையில் ஓட்டியிருக்கிறார். நான் எழுதப்போகும் பழுதுகள் எதற்கும் வண்டியைச் செய்தவர்கள் பொறுப்பல்லர். 30 வருட மழையும் துருவும், வண்டியில் கைவைத்த பலரும் விட்டுச்சென்ற அரைகுறை வேலைகளுமே காரணம். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கதை ஏதோ ஒரு வடிவத்தில் தெரிந்திருக்கும் என்றாலும், நான் இதில் இரண்டு மாதங்களை வீணாக்கினேன் என்பதால், எந்த இடத்தில் தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, நம்மில் பெரும்பாலோர் செய்வதுதான். விளக்கு மங்கல் என்றதும் பெரிய பல்பு வாங்கினேன். எங்கள் விளக்குகளில் இருந்தது எச்4 எனப்படும் ஹாலஜன் பல்பு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். அதைக் கழற்றிவிட்டு 100, 90 வாட் பல்புகளைப் போட்டேன். ஒரு வாரம் வெளிச்சம் சற்றுக் கூடியது போலத் தோன்றியது. இரண்டாவது வாரம் டாஷ்போர்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. விளக்கு சுவிட்சைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியாத சூடு. இடது பல்பின் ஹோல்டரைப் பின்னாலிருந்து இழுத்தபோது, அதன் ஒரு மூலை உருகிப் பழுப்பாகி, பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பயந்துபோய்ப் பழைய பல்புகளையே திரும்ப மாட்டினேன்.

இரண்டாவது தவறு, பேட்டரியை மாற்றியது. பழைய பேட்டரிக்கு வயதாகியிருந்தது உண்மை. காலையில் எஞ்சின் பிடிக்கத் தாமதமானதும் உண்மை. ஆனால் புதிய பேட்டரியால் எஞ்சின் சட்டென்று பிடித்ததே தவிர, விளக்கில் எந்த மாற்றமும் இல்லை. இதை வாங்குவதற்கு முன்பே நான் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். நின்றுகொண்டு ஐடிலிங்கில் இருக்கும்போது விளக்கு மங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பளிச்சென்று ஏறினால், பேட்டரி, ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் ஜீப்பில் எவ்வளவு மிதித்தாலும் விளக்கு ஏறக்குறைய அதே மஞ்சளில்தான் நின்றது. அப்படியானால் மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தில் குறையில்லை, வழியில்தான் குறை. கண்ணால் மட்டுமே செய்துவிடக்கூடிய இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பிறகு ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் பல்பின் ஹோல்டரைக் கழற்றி, அதன் இரண்டு தகடுகளில் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். மீட்டர் 12.4 என்று காட்டியது. "கரண்டு சரியாத்தான் வருது, டூமை மாத்துங்க" என்றார். டூம் என்பது பல்பைச் சுற்றியிருக்கும் பிரதிபலிப்பானும் முன்கண்ணாடியும் சேர்ந்த கிண்ணம். அவர் பொய் சொல்லவில்லை. மீட்டர் காட்டியதைச் சொன்னார். ஆனால் அந்த 12.4-க்கு அர்த்தமே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் போட்டவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். குழாயின் நடுவில் எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி முனையை மூடிவைத்துவிட்டு அங்கே அழுத்தத்தை அளந்தால், மோட்டாருக்குப் பக்கத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் அங்கேயும் இருக்கும். தண்ணீர் ஓடாதபோது அடைப்பு எதையும் தடுப்பதில்லை. முனையைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டால்தான் அழுத்தம் விழுவது தெரியும். பல்பைக் கழற்றிவிட்டு வோல்ட் பார்ப்பது, மூடிய குழாயில் அழுத்தம் பார்ப்பதைப் போன்றது. மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒரே ஓர் இழையில் தொங்கும் வயர்கூட, அந்தச் சோதனையில் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்பு மாட்டியிருக்க வேண்டும், அது எரிந்துகொண்டிருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும். அப்போது அளந்தால்தான் அந்த அளவு எதையாவது சொல்லும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் போடியில் ஜீப்புகளுக்கு மட்டுமே வயரிங் பார்க்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அறுபதைத் தாண்டியவர். மாலை ஆறரைக்கு மேல் வரச் சொன்னார். பகல் வெளிச்சத்தில் விளக்கைப் பார்த்து என்ன பயன் என்பது அவருடைய எண்ணம். சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டு, டிம்மில் விளக்கைப் போடச் சொன்னார். ஒரு தடித்த கறுப்பு வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் பிடித்துக்கொண்டு, மறுமுனையின் செம்பை இடது விளக்கின் எர்த் தகட்டில், அதாவது பல்பிலிருந்து கரண்ட் திரும்பும் தகட்டில், தொட்டார். சுவரில் விழுந்திருந்த மஞ்சள் வட்டம் அந்த நொடியில் வெளுத்தது. வயரை எடுத்தார், மறுபடி மஞ்சள். தொட்டார், வெளுப்பு. மூன்று முறை அப்படிச் செய்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, லைட்டுக்குக் கரண்டு போறத எல்லாரும் பாப்பாக. திரும்பி வாரத யாரும் பாக்கறதில்ல" என்றார்.

பழைய வண்டிகளில் பல்புக்குப் போகும் வழி வயர். திரும்பி வரும் வழி வண்டியின் உடம்பு. பல்பின் எர்த் வயர் சிறிது தூரம் போய் ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்கார்டில், ஒரு போல்ட்டில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஃபெண்டர் தகடு, அதைச் சேஸியோடு பிணைக்கும் போல்ட்டுகள், சேஸி, சேஸியிலிருந்து பேட்டரிக்கு வரும் பட்டை என்று மின்சாரம் தகட்டுக்குத் தகடு தாவித் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தாவலும் ஓர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் துருவுக்கு இடம் உண்டு. எங்கள் ஜீப்பில் துருவைவிடப் பெரிய குற்றவாளி பெயிண்ட். பதிவைப் புதுப்பிப்பதற்காக டிங்கரிங், பெயிண்டிங் செய்தபோது ஃபெண்டரைக் கழற்றி அழகாகப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே எர்த் வயரின் முனையிலிருக்கும் உலோக வளையத்தை (லக்) வைத்து முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் கரண்ட் கசிந்து திரும்பியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், விளக்கு மங்கத் தொடங்கியதும் அந்த வேலைக்குப் பிறகுதான். பெயிண்டுக்கும் விளக்குக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

அன்றிரவு நாங்கள் எடுத்த அளவுகளை அப்படியே தருகிறேன். எஞ்சின் மிதமான வேகத்தில் ஓட, டிம் விளக்குகள் எரியும்போது பேட்டரியின் முனைகளில் 13.6 வோல்ட். நல்ல அளவு, சார்ஜிங்கில் குறையில்லை என்பது இதிலேயே உறுதியானது. எரியும் இடது பல்பின் இரண்டு கால்களுக்கிடையே 10.4, வலது பல்பில் 11.2. இடது பல்புக்குப் போய்த் திரும்பும் வழியில் 3.2 வோல்ட் காணாமல் போகிறது. எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவ் காலிலும் வைத்தோம்: 2.1. பேட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் காலுக்கும் இடையே: 1.1. நல்ல வயரிங்கில் இந்த இரண்டு அளவுகளும் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று அவர் சொன்னார். வலது பக்கத்தின் எர்த்தில் 0.3 மட்டுமே விழுந்தது. அதனால்தான் வலது விளக்கு சற்று நன்றாக எரிந்தது. போகும் வழி இரண்டு விளக்குகளுக்கும் பொது, அதனால் அந்த 2.1 இரண்டையும் ஒன்றாகவே பட்டினி போட்டது.

மூன்று வோல்ட் குறைந்தால் கால்வாசி வெளிச்சம் குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இழை பல்பின் கணக்கு அப்படி இல்லை. வோல்ட் குறையும்போது டங்ஸ்டன் இழையின் சூடு குறைகிறது, சூடு குறைந்தால் அதிலிருந்து வரும் ஒளி மிக வேகமாகச் சரிகிறது. ஹாலஜன் பல்பின் ஒளி ஏறக்குறைய வோல்ட்டின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் ஒளி 30 சதவீதம் போய்விடும். எச்4 பல்பின் ஒளி 13.2 வோல்ட்டில்தான் அளக்கப்படுகிறது. அதில் பிரைட்டுக்கு 1650 லூமென், டிம்முக்கு 1000 லூமென் என்பது தர அளவு. எங்கள் இடது பல்பில் 10.4 வோல்ட் இருந்ததால், அதற்கு உரிய ஒளியில் ஏறக்குறைய 45 சதவீதமே கிடைத்தது. வலதில் 57 சதவீதம். அப்பா விளக்கைப் போடச் சொன்னதில் தவறே இல்லை.

பெரிய பல்பு ஏன் உதவவில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வழியில் தடை அதே அளவு இருக்கும்போது, அதிகக் கரண்ட் இழுக்கும் பல்பைப் போட்டால் வழியிலேயே அதிக வோல்ட் விழும். அந்த இழப்பு எல்லாம் சூடாகிறது. அந்தச் சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. இரண்டு விளக்கும் சேர்ந்து 9 ஆம்பியர் இழுத்த இடத்தில் 12 இழுத்தால், கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. சூடோ ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. என் ஹோல்டர் உருகியதும் சுவிட்ச் கொதித்ததும் அதனால்தான். இதைப் படிக்கும் யாராவது இப்போது கடையில் 100 வாட் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், தயவுசெய்து திரும்பக் கொடுத்துவிட்டு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள்.

எர்த் வேலை ஒரு காலை நேரத்தில் முடிந்தது. இடது ஃபெண்டரின் போல்ட்டைக் கழற்றி லக்கைப் பார்த்தால், அதன் அடிப்புறம் பச்சைக் களிம்பு பிடித்து, செம்பு நிறமே தெரியாமல் இருந்தது. வயரை இரண்டு அங்குலம் வெட்டினேன். உள்ளே இழைகள் கறுத்திருந்தன. இன்னும் நான்கு அங்குலம் வெட்டிய பிறகுதான் பளபளப்பான செம்பு வந்தது. தண்ணீர் வயரின் உறைக்குள் இவ்வளவு தூரம் ஏறும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். புது வயர் இணைத்து, புது லக் வைத்து நசுக்கி, ஈயமும் பற்றவைத்தேன். ஃபெண்டரில் லக் உட்காரும் வட்டத்தை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கி, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் பூசினேன். இதில் வரிசை முக்கியம். முதலில் உலோகத்தோடு உலோகம் இறுகச் சேர வேண்டும், அதன் பிறகுதான் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு. அதோடு நிற்காமல், இரண்டு விளக்குகளின் எர்த்தையும் சேர்த்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைப் பேட்டரியின் நெகட்டிவுக்கே நேராகக் கொண்டுவந்தோம். இனி ஃபெண்டர் துருப்பிடித்தாலும் விளக்குக்குக் கவலையில்லை. பேட்டரியிலிருந்து சேஸிக்கும் எஞ்சினிலிருந்து சேஸிக்கும் போகும் பட்டைகளையும் கழற்றித் தேய்த்தோம். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பட்டை இல்லாமல் அதற்குச் சரியான எர்த் கிடையாது. எர்த் பக்க இழப்பு 1.1-லிருந்து 0.1 ஆகிவிட்டது.

பாசிட்டிவ் பக்கத்தின் 2.1 வோல்ட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். பேட்டரியிலிருந்து விளக்கு சுவிட்ச் வரை 0.4, சுவிட்சுக்குள் 0.7, காலால் மிதிக்கும் டிப்பருக்குள் 0.6, டிப்பரிலிருந்து பல்பு வரை 0.4. விளக்குகளின் முழுக் கரண்ட்டும் முதலில் பின்னால் டாஷ்போர்டுக்கு வந்து, அங்கிருந்து தரைக்கு இறங்கி, மறுபடி முன்னால் போவதுதான் இதில் அடிப்படைச் சிக்கல். டிப்பர் இருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மழைநாளில் தோட்டத்துச் சேறு அப்பிய செருப்போடு 30 வருடம் மிதிபட்டிருக்கிறது. அதைக் கழற்றித் தலைகீழாகத் தட்டியபோது செம்மண் தூளாகக் கொட்டியது. உள்ளே பித்தளைத் தொடுபுள்ளிகள் கருகிக் குழிந்திருந்தன. தேய்த்துச் சரிசெய்யலாம், ஆனால் அடுத்த மழைக்காலம் வரைதான் தாங்கும் என்றார் எலக்ட்ரீஷியன்.

அதற்கான தீர்வு ரிலே, சிறிய கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. ரிலேயின் நான்கு கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் வயர், 87-லிருந்து பல்புக்கு, முன்பு பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் இப்போது 86-க்கு, 85 எர்த்துக்கு. பழைய சுவிட்சும் டிப்பரும் இனி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும். அதற்கு ஆகும் கரண்ட் 0.15 ஆம்பியர் அளவுதான். 9 ஆம்பியரைச் சுமக்க முடியாமல் கொதித்த அதே சுவிட்ச் அதற்கு வாழ்நாள் முழுதும் போதும். விளக்குகளின் கனத்த கரண்ட் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக, இரண்டு மீட்டருக்குள் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் பல்புக்குப் போய்விடுகிறது. ஃபியூஸைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் எங்காவது உரசி உடம்பில் தொட்டால், அதைத் தடுக்க எதுவும் கிடையாது. நாங்கள் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்தோம், மலையில் ஒன்று போனாலும் மற்றொன்றில் இறங்கி வரலாம் என்பதற்காக. ரிலேக்களைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினோம், தண்ணீர் தேங்காது.

வேலை முடிந்து அளந்தபோது இரண்டு பல்புகளிலும் 13.2. அதே 60, 55 வாட் பல்புகள்தான்.

பின்விளக்குகளைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. ஓட்டுபவருக்கு அவை தெரிவதில்லை என்பதுதான் காரணம். ஆனால் மலைச்சாலையில் ஜீப்புக்குப் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம்மைப் பற்றித் தெரிவது அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டுமே. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி, பின்னாலிருக்கும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். ஓர் இரவு, வீட்டுக்குப் பக்கத்தில் நேராகப் போகும் சாலையில் ஜீப்பை ஓரமாக நிறுத்தி, அப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு, 200 தப்படி பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். வலது சிவப்பு தெரிந்தது. இடது பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும் அளவுக்கு ஒரு மினுக்கல். போனில் அழைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலது பளிச்சென்று எரிந்தது. இடது, இருந்ததும் அணைந்தது.

பிரேக் போட்டால் விளக்கு கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்றால், அங்கே எர்த் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. பார்க்கிங்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் திரும்பி வரும் வழி பல்பின் பித்தளை உடம்புதான். அந்த வழி அடைபட்டால், பிரேக்குக்கு வந்த கரண்ட் வெளியேற இடம் தேடிப் பார்க்கிங் இழைக்குள் புகப் பார்க்கிறது. ஆனால் அந்த இழையின் மறுமுனையிலும் அதே 12 வோல்ட் நிற்கிறது. இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் இருந்தால் எதுவும் ஓடாது, எதுவும் எரியாது. இண்டிகேட்டர் போடும்போது பின்விளக்கும் சேர்ந்து துடிப்பது, ஹாரன் அடித்தால் விளக்கு மங்குவது போன்ற விநோதங்களும் பெரும்பாலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

இடது ஹோல்டரைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருவால் தளர்ந்து, பல்பை அழுத்துவதையே விட்டிருந்தது. பல்பின் அடியிலிருக்கும் இரண்டு ஈயப் பொட்டுகளும் தட்டையாகி, நடுவில் குழி விழுந்திருந்தன. கண்ணாடியின் உட்புறம் சாம்பல் பூத்திருந்தது. இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் படிந்து கறுத்த பல்பு, முழு வோல்ட் கொடுத்தாலும் முழுதாக எரியாது. ஹோல்டரையும் பல்பையும் மாற்றி, எர்த் வயரைச் சேஸிக்கே தனியாக இழுத்தேன். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும், தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. சில பழைய ஹோல்டர்கள் தேய்ந்துபோய், எப்படித் திணித்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. அப்படி மாற்றி மாட்டினால் பார்க்கிங்கில் 21 வாட்டும் பிரேக்கில் 5 வாட்டும் எரியும். பின்னால் வருபவர் குழம்பிப்போவார். மாட்டிய பிறகு ஒரு முறை பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொல்லிச் சரிபார்ப்பது நல்லது. சிவப்பு மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவியபோது உள்ளேயிருந்து டீசல் கரியும் மண்ணுமாகக் கறுப்புத் தண்ணீர் ஓடியது. 155 மீட்டரில் அந்தக் கரிக்கும் பங்கு இருந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் முன்னால் இடது விளக்கு வலதைவிடச் சற்றுச் சோர்வாகவே இருந்தது. இரண்டிலும் 13.2 வோல்ட் இருக்கும்போது மிஞ்சுவது டூம் மட்டும்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் வெள்ளி நிறப் பூச்சு மங்கி, பால் கொதித்து ஆடை படிந்தது போல இருந்தது. அதைத் துணியால் துடைக்க ஆசை வரும். துடைக்கக் கூடாது. அது மிக மெல்லிய அலுமினியப் படலம். துடைத்தால் துணியோடு வந்துவிடும். டூமை மாற்றுவது ஒன்றே வழி. பட்டறைக்காரர் முதல் நாள் சொன்ன அதே டூம்தான், ஆனால் அதை முதலில் மாற்றியிருந்தால் புது டூமில் 10.4 வோல்ட் விளக்கு எரிந்திருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிம் வெளிச்சம் நம் ஊர்ச் சாலைக்கு ஏற்றபடி இடப்பக்க ஓரத்தை நோக்கி மேலேற வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த டூம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சுவரில் அடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

விளக்கின் முகத்தைத் திருத்துவதையும் பின்னால் சுமை வைத்துத்தான் செய்தோம். ஜீப்பில் பின்னால் எட்டுப் பேரோ ஐந்து மூட்டையோ ஏறினால் பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்குகிறது. வெறும் வண்டியில் சரியாக இருந்த டிம், சுமையோடு எதிர்வண்டிக்காரரின் கண்ணுக்குப் போகிறது. எங்கள் வண்டி இருட்டில் பெரும்பாலும் சுமையோடுதான் வருகிறது என்பதால், அதற்கே திருத்தினோம். வெறும் வண்டியில் வெளிச்சம் சற்றுப் பக்கத்தில் விழுவதைப் பொறுத்துக்கொள்கிறோம்.

எல்இடி பல்பு போட்டால் இத்தனை வேலை எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். குறைந்த கரண்ட்டில் எரியும் என்பதால் கெட்டுப்போன வயரிங்கிலும் அது பளிச்சென்று எரியும் என்பது உண்மை. எனக்கு அதில்தான் ஆட்சேபம். வயரிங்கின் நோய் மறைந்து இருக்கும், தீராது. மேலும் எச்4 டூம் ஒரு மெல்லிய இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் எரியும் என்ற கணக்கில் வளைக்கப்பட்டது. அந்த இடத்தில் அகலமான எல்இடி வில்லையை வைத்தால் ஒளி கண்டபடி சிதறும். போடிமெட்டில் மூடுபனி இறங்கும் மாதங்களில், சிதறும் வெள்ளை ஒளி நம் முகத்துக்கு முன்னாலேயே ஒரு சுவராக நிற்கிறது. எதிரே வளைவில் பைக்கில் ஏறி வருபவருக்கு அது இன்னும் கொடுமை. முழுதாக எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்கு வேறு விஷயம். பழைய டூமுக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

தை பிறந்து இரண்டாவது வாரம், மறுபடி இருட்டில் இறங்கினோம். மெட்டைத் தாண்டி முதல் இறக்கத்திலேயே ஓரத்துத் தடுப்புக் கற்களின் வெள்ளைச் சுண்ணாம்பு வரிசையாகத் தெரிந்தது. வளைவுப் பலகைகளின் எண்களை அப்பா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் முன்விளக்கின் கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இருக்கு" என்றார். பிறகு பின்பக்கம் போய் இரண்டு சிவப்பையும் பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

அளவுகளை எல்லாம் தேதி போட்டு ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு பானட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். நம்பர் பிளேட் விளக்கு இன்னும் மங்கலாகத்தான் எரிகிறது. அதன் எர்த், பின்கதவுத் தகட்டின் கீல் வழியாகத் திரும்புகிறது என்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அதற்கும் ஒரு தனி வயர் இழுக்க வேண்டும்.